நீலப் புள்ளிகள் நகர்ந்த வியாழக்கிழமை

2024 மே மாதம் 16ஆம் திகதி, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முதல்நாள் பின்னேரம் பிடித்த மழை விட்டு, தூறல் மட்டும் இருந்தது. மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து ஏறிய பனி எங்கள் வீட்டுப் படிகளில் பாதியை மறைத்திருந்தது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்தது ஒரு வெறுங்காணி. யாரோ வீடு கட்டுவதற்காக அத்திவாரம் தோண்டி, இரண்டு வருடமாக அப்படியே போட்டிருக்கிறார்கள். அந்தக் குழியின் ஓரத்தில் ஒரு கையில் குடையும் மறு கையில் டோர்ச்சுமாகக் குனிந்து நின்றேன். வழுக்கினால் இடுப்பு எலும்பு போய்விடும் என்று மனைவி சொல்லியிருந்தாள். எழுபத்துநாலு வயதில் அதைச் சொல்ல ஒருவர் தேவையில்லை, எனக்கே அந்தப் பயம்தான்.

குழித் தண்ணீரில், புல்லைச் சுற்றி, கறுப்பு மணி கோத்த நூல் போல இரண்டு சரங்கள் கிடந்தன. தேரை முட்டை. ஒன்பது காலைகள் வந்து வெறும் தண்ணீரைப் பார்த்துத் திரும்பியவன் நான். பத்தாவது காலையில் கிடைத்தது. கண்டுபிடித்தவன் நான்தான் என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன். பிற்பாடு வந்த பெருமையெல்லாம் மகளுக்குச் சேரட்டும், இது ஒன்று என்னுடையது.

என் மகள் பல்கலைக்கழகத்தில் முளையங்களை, அதாவது முட்டைக்குள் உருவெடுக்கத் தொடங்கும் உயிர்களை, ஆராய்கிறாள். பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பின்னால், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் நான் பிறந்தேன். என் தகப்பனாருக்குக் கையெழுத்து வராது. நான் படித்து நகரத்துக்கு வந்து, நீர் வழங்கல் அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். மகள் உலகத்தில் யாருக்கும் இன்னும் முழுதாக விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ள முயல்கிறாள். இதைச் சொல்லும்போது குரல் உயர்ந்துவிடுகிறது என்று மனைவி குறைப்படுவாள். உயரட்டும்.

அவளுடைய கேள்வி இதுதான். கருவுற்ற முட்டை பிரிந்து பிரிந்து, பல கலங்கள், செல்கள் என்பார்களே அவை, சேர்ந்த ஓர் உருண்டை ஆகிறது. சில மணி நேரம் கழித்து, அந்த உருண்டையின் ஓரிடத்தில் சில கலங்கள் உள்ளே இறங்குகின்றன. அந்த இடத்தில் பிறை போல ஒரு கீறல் தெரியும். அதோடு, வெளியே இருக்கும் இழையமும் அந்தக் கீறலை நோக்கி ஒன்றாக நகரத் தொடங்குகிறது. குடலாக வேண்டியது உள்ளே போய், தோலாக வேண்டியது வெளியே நின்று, உருண்டை ஓர் உயிரின் வடிவத்துக்கு வருகிறது. வெளியே இருப்பவை தாமாக நடந்து வருகின்றனவா, அல்லது உள்ளே போகும் அந்தச் சில கலங்கள் மற்றவற்றை இழுக்கின்றனவா?

"பஸ் மாதிரிதானே? கண்டக்டர் உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்கன்னு கத்துறான், மிதிபலகையில நிக்கிறவன் போறான், வெளிய நிக்கிறவன் ஏறுறான்" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"இல்லப்பா. பஸ்ஸுல பின்னால உள்ளவன் தள்ளுறான். இங்க தள்ளுற ஆள் இல்லன்னுதான் நான் சொல்றேன். அம்மா கொசுவத்தை மடிச்சு இடுப்புல சொருகுறப்போ, முதுகுப்பக்கச் சேலையும் சேர்ந்து நகருதுல்ல? அந்த மாதிரி. ஒரு இடத்துல உள்ள போகுது, சுத்தி எல்லாம் வருது."

"என் சேலையை எதுக்கு இழுக்கிறீங்க?" என்றாள் மனைவி, குசினியிலிருந்து.

மகள் இதை ஆய்வுகூடத்தில் வளரும் சிறிய மீனொன்றில் மூன்று வருடம் பார்த்துவிட்டாள். அவளுக்கு மேலே இருக்கும் பேராசிரியர், இன்னொரு விலங்கிலும் காட்டினால்தான் ஆய்வேடு நிற்கும் என்று சொல்லிவிட்டார். மீனில் உண்மையானது தவளை வகையில் உண்மையாகாமல் போகலாம். ஜூன் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தேரை நினைத்த நேரம் முட்டையிடாது, நல்ல மழை விழ வேண்டும். அந்த நேரம் பார்த்து ஊழியர்களின் வேலைநிறுத்தம் வந்து ஆய்வுகூடத்துக்குப் பூட்டு விழுந்தது. கையெழுத்துப் போட்டு ஒரு பழைய நுணுக்குக்காட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் முன்னறை மேசையில் வைத்தாள். இந்த மழையைத் தவறவிட்டால் அடுத்த மழை எப்போதென்று யாருக்கும் தெரியாது. அவளுடைய மூன்று வருட உழைப்பு அந்த மேசையில் இருந்தது.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் பிழை விட்டேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், முட்டைக்கு ஆகாது, மூன்று பேசினில் பிடித்து இரண்டு நாள் திறந்து வைத்தால் போதும் என்று மகள் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? முப்பத்துநான்கு வருடம் குளோரின் கணக்கை எழுதியவன் நான். மழை பெய்து ஆறு கலங்கினால் எத்தனை மடங்கு கூட்டிப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே பதினான்கு பேசினில் பிடித்து, பின்முற்றத்தில் எட்டு நாள் வைத்தேன். நுளம்பை நினைக்காமலும் இல்லை. பழைய நுளம்பு வலையை வெட்டி மூடினேன். எட்டு பேசினுக்குத்தான் அது காணும். மற்ற ஆறும் வானத்தைப் பார்த்தபடி கிடந்தன. எட்டு நாள் என்பது குளோரின் போவதற்கு மட்டுமல்ல, நுளம்பு முட்டையிட்டுக் குடம்பி வருவதற்கும் போதுமான காலம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முட்டைச் சரத்தைப் போத்தலில் போட்டுக்கொண்டு வந்து மகளை எழுப்பினேன்.

"எத்தனை மணிக்குப் போட்டிருக்கும்ப்பா?"

"பன்னண்டரைக்குத் தேரைச் சத்தம் நின்னுச்சு. நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நீங்க எப்பதான் தூங்கினீங்க!" என்று சிரித்துக்கொண்டே நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாள். "இன்னும் தொடங்கல. பதினொரு மணி போல உள்ள இறங்கும். நேரம் இருக்கு."

முளையத்தை வெட்டக் கடையில் கத்தி விற்பதில்லை. புருவ மயிர் ஒன்றை மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியில் மெழுகால் ஒட்டினால் அதுதான் கத்தி. உலகம் முழுவதும் இந்த வேலை செய்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்களாம். மகளுடைய புருவ மயிர் மென்மை, வளைந்தது. மனைவியுடையது அதைவிட மோசம். பிறகு என்னைக் கதிரையில் உட்காரவைத்து, வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, ஆடாம இருங்க. உங்களோடது நல்ல முரட்டு மயிர்."

"முரட்டு ஆளுக்கு வேற எப்படி இருக்கும்?" என்றாள் மனைவி.

நான்கு பிடுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நான்கில் இரண்டு கத்தியாயின, இரண்டும் நன்றாக வெட்டின.

முட்டைகளின் உறையை உரித்து, பன்னிரண்டு முளையங்களைக் கண்ணாடித் தட்டில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் மேற்புறத்திலும், கீறல் வரப்போகும் இடத்திலிருந்து வேறு வேறு தூரத்தில், நீலச் சாயம் தோய்த்த ஊசிமுனை அளவு துணுக்கை ஒற்றிப் புள்ளிகள் இட்டாள். ஆறை அப்படியே விட்டாள். மற்ற ஆறில், உள்ளே இறங்கப்போகும் கலங்கள் இருக்கும் சிறு பட்டையை என் புருவ மயிரால் வெட்டி எடுத்தாள். இழுப்பவை அவைதான் என்றால், அவற்றை எடுத்ததும் தூரத்துப் புள்ளிகள் மந்தமாக வேண்டும். மேல்தோல் தானாகவும் கொஞ்சம் விரியும் என்று முன்கூட்டியே சொன்னாள். வேண்டியதை மட்டும் பார்க்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

என் வேலை நேரம் சொல்வது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "நேரம்!" என்பேன், அவள் படம் எடுப்பாள். ஒன்பதாவதை வெட்டும்போது நான் கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"அப்பா, கத்தாதீங்க! கை நின்னு போச்சு. பாதிதான் வெட்டியிருக்கு. இது சரிவராது, எறிஞ்சிட்டு வேற எடுக்கிறேன்."

"ஒன்பதுன்னு எழுதியாச்சு. எண்ணினதை எறியக்கூடாது. இருக்கட்டும், பதிமூணாவதா இன்னொண்ணு வை."

"இடமில்லப்பா" என்றாள். அலுத்துக்கொண்டாலும் அதை எறியவில்லை.

பதினொன்று ஐந்துக்கு முதல் கீறல் தெரிந்தது. நானும் பார்த்தேன். தட்டைப்பயறு அளவுகூட இல்லாத ஒன்றில், நகக்கீறல் போல ஒரு கறுப்புப் பிறை. இருநூறு தடவை மகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நேரில் கண்டது இதுதான் முதல் தடவை.

ஒன்று இருபத்தைந்துக்கு வாசலில் ஆள் சத்தம். சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் சுருக்கமாக பி.எச்.ஐ. என்போம். கலகெதரப் பக்கத்து முஸ்லிம் இளைஞர், நல்ல மரியாதையானவர். நாலு வீடு தள்ளி இருக்கும் டீச்சருக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அதனால் எங்கள் ரோட்டுக்குப் புகை மெசினோடு வந்திருந்தார்கள். அடுத்த காணிக் குழியைப் பார்க்கப் போனவர், மதிலுக்கு மேலால் என் பதினான்கு பேசினையும் பார்த்துவிட்டார்.

"என்னத்துக்கு சேர் இவ்வளவு தண்ணி? கடையா நடத்துறீங்க?" வெள்ளைக் கரண்டியால் ஒரு பேசினில் அள்ளிக் காட்டினார். கரண்டிக்குள் நெளிந்தன. "இந்தா, குடம்பி ஈக்குது. இதுலயும் ஈக்குது."

வலை போட்டதில்கூட இரண்டில் இருந்தது. டீச்சரின் முகம் நினைவுக்கு வந்தது. உடனே பதினான்கையும் கவிழ்த்தோம். அவர் ஆள் ஒருவர் தேங்காய்ப்பொச்சால் தேய்க்கவும் உதவினார். மேசைக்கு வேண்டிய தண்ணீர் ஏற்கெனவே போத்தல்களில் உள்ளே இருந்தது, தப்பியது.

"சரி சேர். வயசான ஆள், நோட்டிஸ் ஒண்டோட விடுறன். இப்ப வீட்டுக்கு உள்ளுக்கும் புகை அடிக்கோணும். எல்லாரும் ஒரு மணித்தியாலம் வெளிய நில்லுங்க."

உள்ளிருந்து மகள் எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அந்தப் புகை நுளம்பைக் கொல்வது, அந்த மெல்லிய முளையங்களை விடுமா?

"நாலரைக்கு வாங்க தம்பி, அதுக்குள்ள மகளோட வேலை முடிஞ்சிடும், தாராளமா அடிங்க" என்றேன்.

"ஏலா சேர். மூணு மணிக்கு மெசின் வேற இடத்துக்குப் போகோணும். குடம்பியும் ஈக்குது, உள்ளுக்குப் புகையும் வேணாம் எண்டா, எனக்கு நோட்டிஸ் எழுதேலா. வழக்குத்தான் போடோணும்."

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் மின்சாரக் கட்டணத்தைக் கடைசித் திகதிக்கு ஒரு கிழமை முன்பே கட்டுகிறவன். பொலிஸ்காரர் எதிரே வந்தால் ரோட்டின் மறுபக்கம் போகிறவன். பிறந்ததிலிருந்து நீதிமன்றப் படி ஏறியதில்லை, சாட்சிக்குக்கூட. அது எனக்கு ஒரு சொத்து மாதிரி.

மகள் சன்னமாகச் சொன்னாள்: "அடிக்கட்டும்ப்பா. டீச்சருக்குக் காய்ச்சல். இன்னொரு மழை வரும்."

இன்னொரு மழை வரும் என்று அவளே நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். டீச்சருக்காக வெளியே அடிக்கத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. உள்ளே அடிப்பது எங்கள் மூன்று பேரின் நலத்துக்காகத்தான், அதை வேண்டாம் என்று நாங்கள் சொல்லலாம்.

"வெளியில சுத்தி அடிங்க. கூரைக்கு மேலயும் அடிங்க. உள்ளே வேண்டாம். வழக்கைப் போடுங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"இந்த வயசுல கோட்டுக்குப் போகப் போறீங்களா?" மனைவி தலையில் கை வைத்தாள். "நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசட்டும்."

பரிசோதகர் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "அப்படி என்ன சேர் உள்ளுக்கு ஈக்குது?"

மகள் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தொப்பியைத் திருப்பி வைத்துக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"இந்த நீலம் எல்லாம் ஒரே பக்கமாப் போகுதே."

"ஆமா."

"யாரு போகச் சொன்னது?"

"அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"மாஷா அல்லாஹ்" என்றார். நிமிர்ந்து பேனையை எடுத்தார். "ஆனா தங்கச்சி, வழக்கு வழக்குத்தான்."

என் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இலக்கத்தில் ஒரு எண்ணை மாற்றி எழுதினார், நான் திருத்தினேன்.

மனைவியை அடுத்த தெருவில் அவளுடைய தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். ஜன்னல்களை அடைத்து, நான்கு படுக்கை விரிப்புகளை நனைத்துக் கதவிடுக்குகளில் திணித்தோம். மெசின் உறுமிக்கொண்டு வீட்டைச் சுற்றியது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாகப் புகை எழுந்து, மதிலும் வாழையும் மறைந்தன. ஒரு விரிப்பின் ஓரத்தால் மெல்லிய வாடை உள்ளே வந்தது. மகள் தட்டைக் கண்ணாடியால் மூடினாள். நான் "நேரம்" என்றபோது மட்டும் திறந்து, படம் எடுத்து, மூடினாள். அந்தப் புகைக்குள் இருபது நிமிடம். இரண்டு படங்கள். நான் மணிக்கூட்டை மேசையில் வைத்து, குனிந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு மேல் கணக்குத் தெளிந்து வந்தது. முழுதாக விட்ட ஆறிலும் புள்ளிகள் வழுக்கி வழுக்கிக் கீறலுக்குப் போயின, அருகில் இருந்தவை விளிம்பில் மடிந்து உள்ளே மறைந்தன. தூரத்தில், மறுபுறத்துக்குக் கிட்ட இருந்தவைகூட இடம் மாறியிருந்தன. பாதி வெட்டிய ஒன்பதாவதை விட்டால், முழுதாக வெட்டிய ஐந்தில் ஒன்று செத்துவிட்டது, மற்ற நான்கில் தூரத்துப் புள்ளிகள் கொஞ்சம் பரந்து, அதற்கு மேல் நகராமல் நின்றன. மகள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள், ஆனால் முழு மகிழ்ச்சி இல்லை.

"வெட்டினதால அடிபட்டு நின்னுச்சுன்னு சொல்லுவாங்கப்பா. வேற உயிரு, வேற காயம்ன்னு சொல்லுவாங்க."

பிறகு ஒன்பதாவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பாதி வெட்டுப்பட்ட அந்த முளையத்தில், வெட்டாத பாதியில் கலங்கள் உள்ளே இறங்கியிருந்தன. அந்தப் பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் வந்திருந்தன. வெட்டிய பாதியில் புள்ளிகள் ஏறக்குறைய வைத்த இடத்திலேயே நின்றன. ஒரே உயிர், ஒரே தட்டு, ஒரே தண்ணீர். உள்ளே போன பக்கம் முழுவதும் கூடவே போயிருந்தது, போகாத பக்கம் போகவில்லை.

"அப்பா, இத எறியப் பாத்தேனே" என்றாள். நாலு மணி பத்துக்குக் கடைசிப் படம் எடுத்துவிட்டு, கதிரையில் சாய்ந்து அழுதாள். நான் கதவிடுக்கிலிருந்து விரிப்புகளை உருவப் போனேன். அழுகிற பிள்ளைக்கு முன்னால் நின்று என்ன செய்வதென்று எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

டீச்சர் ஒரு கிழமையில் வீடு திரும்பினார். பப்பாளிப்பழம் கொண்டுபோய்ப் பார்த்து, பேசின் கதையை நானே சொன்னேன். "அப்ப உங்க வீட்டு நுளம்புதானா என்னைக் கடிச்சது?" என்று கேட்டுச் சிரித்தார். அவருக்குக் காய்ச்சல் வந்தது நான் பேசின் வைப்பதற்கு முன்பு என்று நான் திகதிகளை வைத்துக் கணக்குப் பார்த்திருந்தேன், அதையும் சொன்னேன். மகள் ஜூன் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தாள். வாய்மொழிப் பரீட்சையில், வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒன்பதாம் படத்தை மூன்று முறை திருப்பிக் காட்டச் சொன்னாராம். ஒரு படத்தை வைத்து உலகத்து உயிர்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று மகள் தானே சொன்னாளாம். அதைக் கேட்டபோது, அவள் பட்டம் பெற்றதைவிட எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்கு முன்னரே, ஜூலையில், கண்டி நீதவான் நீதிமன்றத்தில் என் வழக்கு வந்தது. முதல் தவணை ஒத்திப்போனது. இரண்டாம் தவணையில் கூண்டில் ஏறி நின்றேன். நுளம்பு வழக்குக்காரர்கள் பதினேழு பேர், வயதில் மூத்தவன் நான். நீதவான் சிங்களத்தில் கேட்டார், ஏன் வீட்டுக்குள் புகை அடிக்க விடவில்லை என்று. மகளுடைய தேரை முட்டைகள் செத்துவிடும் என்று சொன்னேன். மண்டபம் சிரித்தது. நீதவான் சிரிக்காமல், முட்டைகள் பிழைத்தனவா என்று கேட்டார்.

"பன்னிரண்டில் பதினொன்று பிழைத்தன, ஐயா" என்றேன். மண்டபம் மறுபடி சிரித்தது. நான் நிமிர்ந்துதான் நின்றேன். எனக்குக் கூச்சம் வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டேன், தண்டப்பணம் விதித்தார், கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினேன்.

அந்த வியாழக்கிழமையின் செலவுக் கணக்கையும் எழுதி வைக்கிறேன்: தண்டப்பணம் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். இரண்டு தவணைக்கும் போக வர முச்சக்கரவண்டி இரண்டாயிரத்து நானூறு. பத்திரங்களுக்குப் பிரதி அறுபது. வாடை போகாததால் எறிந்த விரிப்புக்குப் பதிலாக வாங்கியது ஆயிரத்து எண்ணூற்றைம்பது. மொத்தம் பதினோராயிரத்து எண்ணூற்றுப் பத்து ரூபாய்.